குறுக்கே போட்ட கட்டில்

இஜ்ஜா அக்கா வண்டி ஓட்டும் உரிமம் வாங்கியபோது அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. முதல் இரண்டு தடவை அவள் தேறவில்லை என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. தேறியதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பட்டறை வாசலில் பழைய வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. முன்சக்கரம் வாசல் கல்லில் ஏறி, மறுபடி இறங்கியது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு கால் வெளியே வந்து தரையைத் தேடியது. பிறகு இன்னொரு கால், அதன்பின் அவள்.

"யாருது இது?" என்றார் பீஹி மேஸ்திரி.

"என்னுது."

"ஓட்டிட்டு வந்தது யாரு?"

"உள்ள வேற யாராவது ஒளிஞ்சிருக்காங்களான்னு நீங்களே பாத்துக்கங்க மேஸ்திரி."

மேஸ்திரி உண்மையிலேயே எட்டிப் பார்த்தார்.

திஸ்னித் டவுனிலிருந்து தெற்கே போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பட்டறை. குளிர்காலம் தொடங்கினால் கடல் தாண்டி வெளிநாட்டுக்காரர்களின் வண்டிகள் வந்து வரிசையில் நிற்கும். வண்டிக்குள் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சூரியத் தகடு என்று எது கேட்டாலும் செய்து கொடுப்போம். மின்வேலை என்னுடையது. என் பெயர் ஹம்மு. மெத்தையும் திரைச்சீலையும் மட்டும் சாலைக்கு எதிர்ப்பக்கம், இஜ்ஜா அக்காவின் கடையில். ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர்களுக்குப் பத்தொன்பது வருடம் மெத்தை தைத்தவள் அவள். ஆனால் வடக்கே அகாதிர் நகரத்தைத் தாண்டி நான்கு தடவைதான் போயிருக்கிறாள். நான்கும் கல்யாணம்.

வீட்டில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள், பதினோரு வருடம். தம்பிகள் இருவரும் காசாபிளாங்காவில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். பெருநாளுக்கு வருவார்கள், அம்மாவின் கையை முத்தமிடுவார்கள், எங்கள் ஊர் ஆர்கான் கொட்டை எண்ணெய்ப் போத்தலை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அம்மா இறந்த பிறகு வீட்டை விற்றார்கள். ஆண்பிள்ளைக்கு இரண்டு பங்கு, பெண்பிள்ளைக்கு ஒன்று. அக்கா கைக்கு எண்பதாயிரம் திர்ஹம் வந்தது. அந்தப் பங்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சின்னத் தம்பி தாவூது தன் வீட்டில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கி, சுண்ணாம்புகூட அடித்து வைத்திருந்தான். சமையலறையை ஒட்டிய அறை.

"நல்ல அறைதான்" என்று எங்களிடம் சொன்னாள். "படுத்த இடத்துல இருந்தே கையை நீட்டி அடுப்பைப் பத்த வைக்கலாம்."

அந்த அறைக்கு அவள் போவதாக இல்லை. மலையில் வாரத்துக்கு ஆறு சந்தை கூடுகிறது. கடைக்காரர்களின் கூடாரத் துணி கிழிகிறது, லாரிக்காரர்களின் தார்ப்பாய் கிழிகிறது, டாக்சி சீட்டு கிழிகிறது. தைக்கிறவன் எல்லாம் டவுனில் உட்கார்ந்திருக்கிறான்.

"நான் அங்கயே போய்த் தைப்பேன். அங்கயே சமைப்பேன், அங்கயே படுப்பேன். யார் வீட்டுக் கரண்டுக் கம்பியும் எனக்கு வேணாம், யார் வீட்டுக் குழாயும் வேணாம். இதுக்குள்ள எனக்கு ஒரு கடையும் ஒரு வீடும் கட்டிக் குடுங்க."

வேன் ஏற்கெனவே நாற்பத்தெட்டாயிரத்தை விழுங்கியிருந்தது. எஞ்சின் என்றைக்காவது மக்கர் செய்தால் என்று பத்தாயிரத்தை அவள் தனியே முடிந்துவிட்டாள். மிச்சத்தைச் சொன்னதும் மேஸ்திரி சிரித்தார்.

"இந்தக் காசுக்குக் கட்டில் ஒண்ணு போட்டுத் தரேன். கனவை நீயே கண்டுக்க."

"கட்டிலும் நான் சொல்ற மாதிரிதான் போடணும்."

மேஸ்திரி ஒட்டுப்பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து, தன் வழக்கமான படத்தைச் சுண்ணக்கட்டியால் போட்டார். பின்னால் நீளவாக்கில் கட்டில். நடுவில் எதிரெதிரே இரண்டு இருக்கை, இடையில் மேசை. பக்கத்தில் ஃபிரிட்ஜ். அக்கா உள்ளங்கையால் ஓர் இருக்கையை அழித்தாள்.

"எதிர் சீட்டு வேணாம்."

"எல்லாரும் முதல்ல கேக்கிறதே அதைத்தானே."

"கேப்பாங்க. மூணு வருஷம் கழிச்சு உறை மாத்த எங்கிட்டத்தான் வருவாங்க. ஒரு சீட்டு நைஞ்சு கிடக்கும், எதிர் சீட்டுல சாயம்கூட மங்கியிருக்காது. ஆளுங்க எங்க உக்காருவாங்க, எங்க உக்கார மாட்டாங்கன்னு மெத்தையைப் பிரிச்சா தெரிஞ்சுபோகும் மேஸ்திரி. நான் நானூறு வண்டி மெத்தையைப் பிரிச்சவ."

பிறகு கட்டிலை அழித்தாள்.

"இதைக் குறுக்கே போடுங்க."

"குறுக்கே ஒரு மீட்டர் அறுபத்தெட்டுதான் கிடைக்கும். காலை எங்க நீட்டுறது?"

"யார் காலை? என் உயரம் ஒண்ணு அம்பத்திரண்டு. எனக்கெதுக்கு ரெண்டு மீட்டர் கட்டில்?"

"நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?"

"விக்கிறதுக்கா கட்டுறேன்?"

மேஸ்திரி சுண்ணக்கட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கட்டில் குறுக்கே போனதும் ஒரு மீட்டருக்கு மேல் தரை மிஞ்சியது. அந்த இடத்தில், பின்கதவைப் பார்த்தபடி தையல் மேசை. கதவைத் திறந்தால் அதுவே கடை. கட்டிலைக் கீலில் தூக்கிச் சுவரோடு மாட்டிவிட்டால், கூடாரத் துணியைத் தரையில் விரித்து வெட்டலாம். நல்ல யோசனைதான். மேஸ்திரி இருக்கும்போது அதை நான் சொல்லவில்லை.

என் முறை வந்தது.

"ஃபிரிட்ஜா, தையல் மிஷினா, ஒண்ணு சொல்லுங்கக்கா. உங்க காசுக்கு ரெண்டு தகடு, ஒரு பேட்டரி. ரெண்டையும் தாங்காது."

"எது அதிகமாத் தின்னும்?"

"மிஷினு வேகமாத் தின்னும், ஆனா நீங்க மிதிக்கிறப்ப மட்டும். ஃபிரிட்ஜு கொஞ்சங்கொஞ்சமாத் தின்னும், ஆனா ராப்பகலாத் தின்னும்."

"பெரிய தம்பி மாதிரியே இருக்கே. வேணாம்."

சந்தைக்குப் போகிறவளுக்கு ஃபிரிட்ஜ் எதற்கு என்றாள். இறைச்சி அன்றைக்கு வாங்கி அன்றைக்குத் தின்பது. ரொட்டி, ஆலிவ், எண்ணெய், பாதாம் விழுது எதுவும் கெட்டுப்போகாது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் என்ன செய்வது என்று கேட்டேன், ஏனென்றால் அது என் பேட்டரியை அரை மணி நேரத்தில் பாதி காலி செய்துவிடும். அவள் பழைய இரும்புச் சந்தைக்குப் போய், கம்பியில்லாத கனத்த இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தாள். கேஸ் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் போதும். தேநீரும் அதே அடுப்பில்.

தண்ணீருக்குத் தொட்டியும் வேண்டாம் என்றாள். இருபது லிட்டர் கேன் நான்கு. "தொட்டின்னா கிணத்தடிக்கு வண்டி போகணும். கேன்னா நான் போனாப் போதும்."

"தூக்குவீங்களா?"

"எங்கம்மா இதைவிடக் கனம்."

கழிப்பறையில்தான் பெரிய சண்டை. அவள் கேட்டது அரை மீட்டர் அகலத்துக்கு ஓர் அறை, உள்ளே மூடி போட்ட வாளி, போட்டு மூட எங்கள் பட்டறை மரத்தூள். அதை வெட்டிவிட்டு அலமாரி வைத்தால் இடமும் மிச்சம், பலகையும் மிச்சம் என்றார் மேஸ்திரி.

"மலையில இடமா இல்லை? நாங்கள்லாம் போறதில்லையா?"

"நீங்க சுவரைப் பாத்துத் திரும்பி நின்னா முடிஞ்சது. நான் இருட்டுற வரைக்கும் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கணும். சந்தைக்கு வர்ற பொம்பளைங்க அப்படித்தான் வர்றாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

மேஸ்திரிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"அலமாரியை வெட்டுங்க. துணிமணியை மூட்டை கட்டி மாட்டிக்கிறேன். இதுக்குக் கதவு வேணும், கதவுக்கு உள்ள தாழ்ப்பாள் வேணும். இதுல ஒரு விரக்கடை குறைக்க விடமாட்டேன்."

ஒன்றே ஒன்றில்தான் நான் சொன்னது சரி, அவள் சொன்னது தப்பு. கூரையில் துளை போட்டு விசிறி வைக்கச் சொன்னேன். நல்ல விசிறி ஆயிரத்தைந்நூறு ஆகும். அவள் அந்தக் காசைத் தையல் மேசைக்குக் கெட்டிப் பலகையாக மாற்றினாள். "கதவைத் திறந்தா காத்து வரப்போகுது" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

சுவரும் கூரையும் சூடேறாமல் இருக்க, பத்தொன்பது வருடத்து மெத்தைத் துண்டுகளை அவளே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, தகரத்துக்குள் பசை தடவி ஒட்டினாள். மூன்று வாரத்தில் வண்டியின் உள்பக்கம் ஓரளவு உருவம் பெற்றது. அதன்பிறகு வேலை நின்றுபோனது.

மேஸ்திரி என்னை வேறு வண்டிக்கு அனுப்பினார். தச்சனையும் அனுப்பினார். அக்கா தினமும் சாலையைத் தாண்டி வந்து கேட்பாள். பலகை இன்னும் வரவில்லை என்பார் மேஸ்திரி. மறுநாள் கீல் வரவில்லை. அதற்கு மறுநாள் பசை காயவில்லை. காரணம் எனக்குத் தெரியும். தாவூது தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில் கம்பி சீவிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது மேஸ்திரியின் வழக்கம். "ரெண்டு மாசம் இழுத்துப் போடுங்க மேஸ்திரி. அக்காவே அலுத்துப்போய் வித்துரும். எங்க குடும்ப மானம் உங்க கையில" என்றான். மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஒரு குடும்பத்து ஆண் வந்து மானம் என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

பதினாறாம் நாள் அக்கா வந்தபோது கையில் வண்டிச் சாவி இருந்தது.

"பசை காயலைன்னு சொன்னீங்க."

"ஆமா, ஈரக்காத்து."

"அதே பசையைத்தான் பத்தொன்பது வருஷமா நானும் பூசறேன். சாயங்காலம் பூசினா காலையில கல்லு மாதிரி இறுகிடும். யாரு பேசினது? சின்னவனா, பெரியவனா?"

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். "உன் நல்லதுக்குத்தான் சொன்னான் இஜ்ஜா. தம்பி இல்லையா? ஒரு பொம்பளை தனியா, ஒரு தகர டப்பாவுக்குள்ள..."

"வெள்ளைக்காரப் பொம்பளைங்களுக்கு எத்தனை தகர டப்பா கட்டிக் குடுத்திருக்கீங்க?"

"அவங்க வேற."

"காசு வேறயா?"

அக்கா நேராக வண்டியில் ஏறினாள். கட்டில் இல்லை, மேசை இல்லை, மின்கம்பிகள் கூரையிலிருந்து கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. பின்கதவுகூட முழுதாகப் பூட்டாது. வண்டி முக்கி முனகிக் கிளம்பி, வாசல் கல்லில் ஏறி இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து அவள் கடை முன்னால் போய் நின்றது. மொத்தம் இருபது மீட்டர் பயணம். பட்டறையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். அன்று முதல் அவள் அந்த வண்டியிலேயே படுத்தாள், தரையில் மெத்தைத் துண்டுகளைப் பரப்பி.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. தொழுகை முடிந்து கூஸ்கூஸ் சாப்பிட்டதும் என் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். வாசலில் நின்று, தம்பி பேசியது எனக்கு முன்னமே தெரியும் என்று சொன்னேன்.

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றாள். "நீ பொய் சொல்லத் தெரியாத ஆளு. பத்து நாளா என் முகத்தைப் பாக்கலை. கம்பியை எங்க விட்டியோ அங்கிருந்து ஆரம்பி."

சனிக்கிழமை காலை மேஸ்திரியிடம் நானாகவே சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை உன்னுது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

அக்கா தச்சு வேலையைத் தானே செய்தாள். துணியை அளந்து வெட்டுகிற கைக்குப் பலகையை அளந்து வெட்டத் தெரியாதா என்றாள். தெரியவில்லை. முதல் பலகை இரண்டு சென்டிமீட்டர் குட்டை. துணியென்றால் இழுத்துத் தைத்துவிடலாம், பலகை இழுபடாது. குட்டைப் பலகையை அடுப்புக்குத் தட்டாக்கிவிட்டு அடுத்ததை வெட்டினாள். கட்டிலை அவள் மாட்டிய மறுநாள் பீஹி மேஸ்திரி சாலையைத் தாண்டி வந்தார். வண்டிக்குள் ஏறி, கட்டிலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?" என்றாள் அக்கா.

"கீல் பாக்க வந்தேன். இது பெட்டிக்குப் போடுற கீல். ஒருநாள் உன்னோட சேந்து கட்டிலும் கீழ வந்துரும்."

கழற்றி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் லாரிக் கதவுக்குப் போடுகிற கனத்த கீல் மூன்றைக் கொண்டுவந்து தானே முடுக்கினார். மன்னிப்பை அவர் கேட்கவும் இல்லை, அவள் வற்புறுத்தவும் இல்லை. காசு கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்.

அக்கா தெருவில் படுக்கிறாள் என்ற செய்தி காசாபிளாங்காவுக்குப் போயிருந்தது. தாவூது பேருந்து பிடித்து வந்து இறங்கினான். நாற்பத்தெட்டு வயது, கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்த உடம்பு, நல்ல மேல்சட்டை. அன்று வெள்ளிக்கிழமை. நான் கூரைமேல் தகடு மாட்டிக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"அக்கா, என்ன இது? நாலு பேர் முகத்துல முழிக்க முடியலை. கடைக்கு வர்றவன்லாம் கேக்கிறான்."

"காசாபிளாங்காவுல உன் கடைக்கு வர்றவனுக்கு நான் எங்க படுக்கிறேன்னு யாரு சொன்னது?"

"மனசு தாங்காம ரெண்டு பேருகிட்ட சொன்னேன்" என்றான்.

"அப்ப அந்த ரெண்டு பேருகிட்ட நீயே பதிலும் சொல்லிடு."

"நான் உனக்கு அறை வெச்சிருக்கேன். சுண்ணாம்பு அடிச்சிருக்கேன். பிள்ளைங்க அத்தை எப்ப வரும்னு கேக்குதுங்க. உனக்கு என்ன குறை வெக்கப்போறேன் நான்?"

"ஒரு குறையும் வெக்க மாட்டே. அது தெரியும்."

"பின்ன? ஒரு பொம்பளை தனியா மலையில சுத்தினா..."

"தாவூது, பதினோரு வருஷம் அம்மாவை நான் ஒருத்தியாத் தூக்கினேன், குளிப்பாட்டினேன், புரட்டிப் போட்டேன். அப்ப நான் தனியா இருக்கேன்னு நீங்க யாரும் பேருந்து புடிச்சு வரலை. இப்ப எங்கையில ஒரு சாவி இருக்கு. இப்ப மட்டும் தனியா இருக்கேன்னு கண்ணுல படுதா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. தாவூது வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். அழுதானா என்று எனக்குத் தெரியாது, மேலேயிருந்து தலை மட்டும்தான் தெரிந்தது. அக்கா தேநீர் போட்டுக் கொடுத்தாள். குடித்தான். அடுத்த பேருந்தில் போனான். போகும்போது என்னை அண்ணாந்து பார்த்து, "அந்தத் தகடாவது பறக்காம இருக்குமா?" என்று கேட்டான். இருக்கும் என்றேன்.

ஜூன் மாதம் அவள் கிளம்பினாள். மலைக்கு மேல் புதன்கிழமைச் சந்தைதான் அவளது முதல் சந்தை. அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. வெங்காய லாரி ஓட்டும் உமர் பிறகு எங்கள் பட்டறைக்கு விளக்கு மாற்ற வந்தபோது சொன்னான்.

வியாபாரிகளெல்லாம் முதல்நாளே வந்து இடம் பிடிப்பார்கள். அக்காவும் செவ்வாய் மத்தியானமே போய், லாரிகள் நிற்கும் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டாள். இடத்துக் காசு வசூலிக்கும் ஆள் வந்தான்.

"சரக்கு வண்டி நிக்கலாம். வீடு நிக்கக் கூடாது. வெளியே எடு."

அவள் பின்கதவு இரண்டையும் திறந்து காட்டினாள். "இது கடை."

"அந்தத் திரைக்குப் பின்னாடி இருக்கிறது?"

"கட்டில். இந்த லாரிக்காரங்க சீட்டுக்குப் பின்னாடி என்ன வெச்சிருக்காங்க? இவங்க இங்க படுத்து எந்திரிக்கிறாங்களே, யாரைக் கேட்டுப் படுத்தாங்க?"

"அவங்க ஆம்பளைங்க."

"எந்தச் சட்டத்துல அப்படி எழுதியிருக்கு? எடுத்துட்டு வா, படிச்சுப் பாத்துட்டுப் போறேன்."

அவன் சூரியன் சாய்வதற்குள் காவலரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அக்கா வண்டியை எடுக்கவில்லை. யாரிடமும் நியாயம் கேட்கவும் இல்லை. உமரிடம் திரும்பி, "உன் தார்ப்பாய் மூணு இடத்துல கிழிஞ்சிருக்கு, கொண்டா" என்றாளாம். அவன் கொண்டுபோய்ப் போட்டான். அடுத்தவன் அவனுடையதைக் கொண்டுவந்தான். முந்தைய வாரம்தான் மலையில் புயல்காற்று அடித்திருந்தது. கூடாரம் கிழியாத வியாபாரியே அந்த வரிசையில் இல்லை. வசூல்காரன் காவலரோடு திரும்பி வந்தபோது வண்டிக்கு முன்னால் ஏழு தார்ப்பாய் வரிசையில் கிடந்தது. கட்டிலைச் சுவரில் தூக்கி மாட்டிவிட்டு, துணியை உள்ளே விரித்து, அவள் நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மாவைக் கிளப்புங்க" என்றான் வசூல்காரன்.

"என் துணி முடியட்டும், அப்புறம் கிளப்பு" என்றான் உமர்.

"அப்புறம் என்னுது" என்றான் அவனுக்குப் பின்னால் நின்றவன்.

காவலர் தன் பையைத் திருப்பிப் பார்த்து, தோள்வார் பிய்ந்திருப்பதைக் காட்டி, இதுவும் ஆகுமா என்று கேட்டாராம். இதை உமர் சேர்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். "இந்த வாரம் மட்டும்" என்று சொல்லிவிட்டு வசூல்காரன் போனான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். அதற்கடுத்த வாரமும். இன்றைக்கு வரைக்கும் ஒவ்வொரு செவ்வாயும் "இந்த வாரம் மட்டும்" என்கிறான். அவளும் ஒவ்வொரு செவ்வாயும் இடத்துக் காசை நீட்டுகிறாள்.

சந்தைக்கு வரும் பெண்கள் இரண்டாம் வாரமே அந்த உள்தாழ்ப்பாளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தேன் விற்கிறவள், முட்டை விற்கிறவள், தைக்க ஒன்றுமே இல்லாதவள் எல்லாரும் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று ஏறுவார்கள். மரத்தூள் மூட்டை மூட்டையாகத் தீர்ந்தது. வாரம் ஒரு தரம் எங்கள் பட்டறைக்கு வந்து அள்ளிக்கொண்டு போவாள்.

ஆகஸ்டில் பாலைவன ஓரத்து ஊரான தத்தா பக்கம் இறங்கினாள். அங்கே வெயில் நாற்பத்தாறு. வண்டிக்குள் அதற்கும் மேல். கதவைத் திறந்தால் காற்று வரும் என்று சொன்னவள் கதவைத் திறந்தாள். அடுப்பு வாய் மாதிரி அனல் வந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தலை சுற்றிச் சாய்ந்தவளை, பேரீச்சம்பழக் கடைக்காரி இறக்கி, தண்ணீர் ஊற்றித் தெளிய வைத்திருக்கிறாள். மூன்று நாள் பேரீச்சை மரத்தடியில் கிடந்துவிட்டு, விடியற்காலையில் மட்டும் ஓட்டி ஓட்டித் திஸ்னித் வந்து சேர்ந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

"ஹம்மு, கூரையில துளை போடு."

நான் ஏணியை எடுத்தேன். சிரிப்பு முகத்தில் வந்திருக்க வேண்டும்.

"நீ சொன்னது சரின்னு நான் சொல்லலை" என்றாள். "துளை போடுன்னுதான் சொன்னேன்."

விசிறி அதற்குள் இரண்டாயிரத்துக்கு ஏறியிருந்தது. துளை போட, உள்ளே ஒட்டிய மெத்தையை வெட்ட வேண்டியிருந்தது, ஒரு தகட்டைக் கழற்றி நகர்த்த வேண்டியிருந்தது. முதலிலேயே செய்திருந்தால் ஒரு நாள் வேலை, இப்போது நான்கு நாள். அந்த நான்கு நாளும் தாவூதிடமிருந்து தொலைபேசி வந்தது. விழுந்த செய்தி எப்படியோ அவனுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிடு, இனியாவது வந்துவிடு என்று கெஞ்சினான். "வெயில்ல விழுந்தேன். உன் சமையல்கட்டுல விழுந்திருந்தா எந்திரிச்சிருக்க மாட்டேன்" என்றாள். ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டாள், மறுபடி தத்தாவுக்கே. பேரீச்சம்பழக்காரியின் கூடாரத்துக்குப் புது ஓரம் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாளாம்.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. போன பெருநாளுக்குக் காசாபிளாங்காவுக்கே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். தம்பி கடைக்கு நேர் எதிரே நிறுத்தினாள். சாப்பாடெல்லாம் அவன் வீட்டில்தான், பிள்ளைகளோடு விளையாட்டும் அங்கேதான். படுக்க மட்டும் வண்டிக்கு வந்துவிடுவாள். மூன்றாம் நாள் தாவூது தன் வாடிக்கையாளர்களிடம், "அது எங்கக்கா வண்டி. கரண்டே இல்லாம மிஷின் ஓடும், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டதாகச் சொன்னாள். அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னாள்.

அந்த வண்டி வசதியானதா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் மலைமேல் தகரம் வியர்க்கும். துணிமூட்டை வளைவுகளில் ஆடி அவள் காதில் இடிக்கும். விருந்தாளி வந்தால் படியில்தான் உட்கார வேண்டும். மேகம் மூடிய மூன்றாம் நாள் பேட்டரி இறங்கிவிடும், அன்றைக்குத் தையல் கிடையாது. ஆனால் எங்கள் பட்டறையில் பெரும் செலவில் கட்டிக்கொண்டு போன எத்தனையோ வண்டிகள் இரண்டாம் வருடமே விற்பனைக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் புது வண்டிக்குப் படம் போடும்போது மேஸ்திரியே, "இஜ்ஜா வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்கிறார். அவள் சும்மா சொல்வதில்லை. ஒரு மூட்டை மரத்தூளும் ஒரு வேளை உணவும் கணக்கு.

இந்த வாரம் வண்டி எங்கள் வாசலில்தான் நிற்கிறது. இடதுபக்கச் சுவரில், கட்டில் தலைமாட்டில், ஒரு சன்னல் வேண்டும் என்கிறாள். அந்த இடத்தில் உள்ளே இரும்புச் சட்டம் ஓடுகிறது, வெட்டினால் கூரையே தளர்ந்துவிடும் என்று நானும் மேஸ்திரியும் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"பதினோரு வருஷம் அம்மா பக்கத்துல சுவரைப் பாத்துப் படுத்தாச்சு" என்கிறாள். "சட்டத்தை நகத்துங்க."

"சட்டத்தை நகத்த முடியாது இஜ்ஜா. அதுலதான் வண்டியே நிக்குது."

"கட்டிலைக் குறுக்கே போட முடியாதுன்னுகூடத்தான் சொன்னீங்க."

மேஸ்திரி சுண்ணக்கட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.